அக்காவின் முகூர்த்தப் பட்டில் நான் போட்ட ஓட்டை

எனக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. ஒன்றைச் சொல்லிவிட்டால் அதை நிரூபித்தே தீர வேண்டும். சொன்னது சரியா தப்பா என்பதெல்லாம் அடுத்த கேள்வி. பத்தாம் வகுப்பில் ஒரு நாள், முசரவாக்கத்திலிருந்து தென்னேரி ஏரிக்கு முக்கால் மணி நேரத்தில் சைக்கிளில் போய்விடலாம் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். பாதி வழியில் செயின் அறுந்தது. மிச்ச தூரத்துக்கு சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஓடினேன். போய்ச் சேர இரண்டரை மணி நேரம் ஆயிற்று. (கூட வந்தவர்களிடம், உங்கள் கடிகாரம் எல்லாம் வேகமாக ஓடுகிறது என்று வாதாடினேன்.)

இந்தக் குணத்தோடு ஒருத்தி வீட்டில் இருக்கலாம், அரசியலில் இருக்கலாம். மருத்துவக் கருவி விற்கும் வேலைக்கு மட்டும் போகக் கூடாது. நான் அதற்குத்தான் போனேன்.

பயோமெடிக்கல் இன்ஜினியரிங் படித்து முடித்து, சென்னையில் ஒரு கம்பெனியில் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. என் பதவியின் பெயர் கிளினிக்கல் அப்ளிகேஷன் ஸ்பெஷலிஸ்ட். அம்மா அதை ஊரில், "ஆஸ்பத்திரிக்கு மிஷின் விக்குது" என்று மூன்றே வார்த்தையில் மொழிபெயர்த்திருந்தாள். அவள் மொழிபெயர்ப்பில் ஒரே ஒரு பிழை: ஐந்து மாதத்தில் நான் ஒரு மிஷின்கூட விற்கவில்லை. ஆறாவது மாத முடிவில் வேலை நிரந்தரமா, வீட்டுக்கு நடையா என்பது தெரிந்துவிடும்.

அந்த மிஷினைப் பற்றி நான்கு வரி சொல்லிவிடுகிறேன். காது மூக்கு தொண்டை டாக்டர்கள் டான்சில், மூக்குக்குப் பின்னால் வளரும் அடினாய்டு சதை போன்றவற்றை எடுக்கப் பயன்படுத்துவது. பழைய முறையில் மின்சாரச் சூட்டால் சுட்டு எடுப்பார்கள். புகையும் வரும், வாடையும் வரும். இது வேறு மாதிரி. பேனா நீளத்துக்கு ஒரு வளைந்த குச்சி. அதன் நுனியில் உப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். காலால் மஞ்சள் பெடலை மிதித்தால் அந்த உப்புத் தண்ணீரில் மெல்லிய மஞ்சள் ஒளி ஒன்று பூக்கும். அதுதான் பிளாஸ்மா. அது சதையைச் சுடாது; சதையைச் சேர்த்துப் பிடித்திருக்கும் கட்டுகளை உடைத்துக் கரைத்துவிடும். கரைந்ததை அதே குச்சி உறிஞ்சியும் கொள்ளும். சூடு அறுபது, எழுபது டிகிரிதான். அந்தக் குச்சிக்கு வாண்டு என்று பெயர். (அம்மா நான் வீட்டிலிருந்து மேனேஜருடன் போனில் பேசியதைக் கேட்டுவிட்டு, "எந்த வாண்டுடி ஒடஞ்சி போச்சி? அடி பலமா?" என்று பதறியிருக்கிறாள்.)

இந்த மிஷினை ஊரில் யார் நம்பாவிட்டாலும் பரவாயில்லை. என் அக்கா செல்வி நம்பவில்லை என்பதுதான் என்னை உறுத்தியது.

அக்காவின் மகள் இனியாவுக்கு அப்போது ஆறு வயது. வாயைத் திறந்துகொண்டே தூங்குவாள். குறட்டை என்றால் சாதாரணக் குறட்டை இல்லை. வாலாஜாபாத்தில் அவர்கள் குடியிருந்த வீட்டின் பக்கத்துப் போர்ஷன்காரர், மாமாதான் குறட்டை விடுகிறார் என்று நினைத்து அவருக்கு ஆயுர்வேத எண்ணெய் வாங்கிக் கொடுத்தார். பள்ளிக்கூடத்தில் பாடம் நடக்கும்போதே சொக்கி விழுந்தாள். மாதம் ஒரு முறை காதுவலி. சின்ன காஞ்சிபுரத்தில் நர்சிங் ஹோம் நடத்தும் டாக்டர் வேதவல்லி பார்த்துவிட்டு, அடினாய்டு பெரிதாக இருக்கிறது, எடுத்துவிடுவது நல்லது என்று சொல்லிவிட்டார். அக்கா தலையாட்டிவிட்டு வந்தவள்தான், திரும்பிப் போகவே இல்லை.

காரணம், மாமாவின் கழுத்து மரு. ஒரு வருடம் முன்னால் அதை எங்கோ மின்சாரத்தில் சுட்டு எடுத்தார்கள். அக்கா பக்கத்தில் நின்றிருந்தாள்.

"அந்த வாட இன்னும் என் மூக்குலயே நிக்குதுடி. கழுத்துக்கே அப்டின்னா, என் பொண்ணு தொண்டைக்குள்ள கரண்ட் வெச்சா?"

"அக்கா, இது சுடாதுக்கா. நான் விக்கிற மிஷினே அதுதான்."

"நீ விக்கிறவ. நீ வேற எப்டி சொல்லுவ?"

அக்காவை வாயால் வெல்ல முடியாது. ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் அவளுக்குத் தரப் பரிசோதனை வேலை. சின்னச் சின்ன சர்க்யூட் போர்டுகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்து, பற்றவைத்த இடம் சரியில்லை என்றால் தூக்கிப் போடுவாள். எட்டு மணி நேரமும் குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குபவள், வீட்டுக்கு வந்த பிறகு அந்தத் திறமையை எங்களுக்கு இலவசமாக வழங்குவாள்.

அந்தச் சமயத்தில்தான் டாக்டர் வேதவல்லியே கம்பெனிக்குப் போன் செய்து, மிஷினை ஒரு முறை காட்டுங்கள், பக்கத்து ஊர் டாக்டர்களையும் கூப்பிடுகிறேன் என்றார். வியாழக்கிழமை சாயங்காலம் நாலு மணி. மேனேஜர் என்னை அழைத்து, "உன் ஊர். உன் மிஷின். உன் கடைசி மாசம்" என்றார். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். இந்த மிஷின் விற்கும். டாக்டர் வாங்குவார். அதே மிஷினில் இனியாவுக்கு ஆபரேஷன் நடக்கும். மூன்றையும் அந்த ஒரே வியாழக்கிழமையில் முடித்துக் காட்டுவேன் என்று தீர்மானித்தேன்.

முதல் வேலையாக என்ன உடுத்துவது என்று யோசித்தேன். (பேச வேண்டியதைப் பற்றி யோசித்திருக்கலாம்.) காஞ்சிபுரத்து டாக்டர்கள் முன்னால் சாயம் போன சுடிதாரில் நிற்பதா? என்னிடம் பட்டு கிடையாது. ஆனால் முசரவாக்கத்தில் அம்மாவின் பீரோவில் அக்காவின் முகூர்த்தப் புடவை இருந்தது. வாலாஜாபாத் வீட்டில் மழைக்கு ஒழுகும் என்று அங்கே கொடுத்து வைத்திருந்தாள். அரக்கு நிறம், பச்சைக் கரை, முந்தானை முழுக்க ஜரிகை. அதைத் தேர்ந்தெடுக்க அக்காவுக்கு நாலு கடையும் ஒரு முழுப் பகலும் ஆயிற்று. மாமா கடைசிக் கடையில் மெத்தையிலேயே இரண்டு முறை தூங்கி எழுந்தார்.

"அக்காவ ஒரு வார்த்த கேட்டுட்டு எடுடி" என்றாள் அம்மா.

"கேட்டுட்டேன்மா."

(மனதுக்குள் கேட்டேன். அவள் மறுக்கவில்லை.)

வியாழக்கிழமை எல்லாமே எனக்குச் சாதகமாக நடந்தது. அதுதான் ஆபத்து என்று இப்போது தெரிகிறது. ஷேர் ஆட்டோவில் மிஷின் பத்திரமாக வந்தது. கறிக்கடைக்காரர், "ஆப்ரேசன் பண்ணிக் காட்ட" என்று நான் கேட்டதும் ஒன்றும் கேட்காமல் எலும்பில்லாத கோழி நெஞ்சுக்கறியாகப் பார்த்துக் கொடுத்தார். நர்சிங் ஹோம் மாடியில் இருந்த ஹாலில் பத்துப் பேர் போல டாக்டர்கள். பின்னால் சுவரோரம் நர்சுகள். அவர்கள் நடுவில் கையைக் கட்டிக்கொண்டு நின்றவர் கிரேஸ் சிஸ்டர். ஆபரேஷன் தியேட்டரின் பொறுப்பு அவருடையது. என் மிஷினை அவர் பார்த்த பார்வையில், இதை யார் கழுவுவது என்ற ஒரே கேள்விதான் இருந்தது.

ஆரம்பித்தேன். கோழித் துண்டை ட்ரேயில் வைத்தேன். உப்புத் தண்ணீர் சொட்டியது, பெடலை மிதித்தேன், மஞ்சள் ஒளி பூத்தது. கோழிச் சதை இதழ் இதழாகக் கரைந்து போயிற்று. புகை இல்லை. கருகிய வாடை இல்லை. முன்வரிசை டாக்டர் ஒருவர் எழுந்து வந்து குனிந்து பார்த்தார்.

"சூடு எவ்ளோம்மா?"

"அறுபது எழுபது டிகிரிதான் சார். நீங்க குடிச்சிட்டு இருக்கிற காபிச் சூடு."

எல்லோரும் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தார்கள். தலைகள் ஆடின. டாக்டர் வேதவல்லி குறிப்பு எழுதிக்கொண்டார். நான் அங்கேயே நன்றி வணக்கம் சொல்லி முடித்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. ஆனால் பத்துப் பேர் ஒரே நேரத்தில் தலையாட்டுவதைப் பார்த்தால் எனக்குப் போதை ஏறிவிடும். ஐந்து மாதத்தில் யாரும் ஆட்டாத தலைகள் வேறு. பயிற்சிக் கையேட்டில் எந்தப் பக்கத்திலும் இல்லாத ஒரு வாக்கியம் என் வாயிலிருந்து தானாகக் கிளம்பியது.

"சதைய விடுங்க டாக்டர். பட்டு நூலக்கூட கருக்காது இது. நம்ம ஊர் பட்டு!"

சுவரோரத்திலிருந்து கிரேஸ் சிஸ்டரின் குரல் வந்தது.

"சுடாது சுடாதுன்னு சொல்லிக்கினே இருக்கியேமா. அப்ப உன் முந்தானைல வெச்சிக் காட்டேன், பாக்கலாம்."

நர்சுகள் சிரித்தார்கள். டாக்டர் வேதவல்லி பேனாவைக் கீழே வைத்து, "அதெல்லாம் வேணாம்மா. சிஸ்டர் விளையாட்டுக்குச் சொல்றாங்க" என்றார்.

எனக்கு எதிரே கதவு திறந்தே இருந்தது. நானும் சிரித்துவிட்டு அதன் வழியாக வெளியே போயிருக்கலாம். ஆனால் நான் சொல்லிவிட்டேனே!

"இல்ல டாக்டர். காட்றேன்."

முந்தானையை விரித்தேன். ஜரிகைக் கோட்டுக்கும் ஜரிகைக் கோட்டுக்கும் நடுவே ஒரு விரல் அகலத்துக்கு வெறும் பட்டு இருந்தது. புத்திசாலித்தனமாக அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தேன். (ஜரிகை உலோகம், அதில் படக் கூடாது என்ற அளவுக்கு எனக்கு அறிவு இருந்தது என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.) புடவை என் தோளில் பின் குத்தியபடியே இருந்தது, முந்தானையின் முனை மட்டும் உப்புத் தண்ணீர் ட்ரேயில். வாண்டின் நுனியைப் பட்டில் மெதுவாக வைத்து, பெடலை மிதித்தேன்.

மஞ்சள் ஒளி பூத்தது. ஒரு நொடி எல்லாமே அழகாக இருந்தது.

பட்டு என்பது புரோட்டீன் என்று எட்டாம் வகுப்பில் படித்தது, அந்த இரண்டாவது நொடியில் எனக்கு ஞாபகம் வந்தது. சதையும் புரோட்டீன். மிஷினுக்கு என்ன தெரியும், எது கோழி, எது அக்காவின் கல்யாணம் என்று? கரைத்தது. கரைத்ததை உறிஞ்சியது. உறிஞ்சியதோடு நிற்காமல் பக்கத்துத் துணியையும் உள்ளே இழுத்தது. அதோடு ஜரிகையும் போய் நுனியில் ஒட்டியது. பட்டென்று ஒரு பொறி. மிஷின் கூவ ஆரம்பித்தது. திரையில் சிவப்பு எழுத்துகள்.

காலை எடுத்திருக்க வேண்டும். ஆனால் பயந்தால் என் கால் தூக்காது, மிதிக்கும். (ஸ்கூட்டி கற்றுக்கொடுத்த மாமாவிடம் கேளுங்கள்.) மிஷின் தானே வெளிச்சத்தை அணைத்துவிட்டது, உறிஞ்சுவது மட்டும் நிற்கவில்லை. நான் வாண்டைப் பின்னால் இழுத்தேன், முந்தானை கூடவே வந்தது. முந்தானையை இழுத்தேன், மேஜையிலிருந்த மிஷின் என்னை நோக்கி நகர்ந்தது. பத்து டாக்டர்கள் எதிரில், ஒரு கருவியோடு முடிச்சுப் போட்டுக்கொண்டு அரை வட்டமாகச் சுற்றினேன். முன்வரிசை டாக்டர் தன் காபியைக் காப்பாற்றிக்கொண்டு எழுந்து நின்றார்.

கிரேஸ் சிஸ்டர்தான் நிதானமாக நடந்து வந்தார். உறிஞ்சும் குழாயை இரண்டு விரலால் மடக்கிப் பிடித்தார். முந்தானை தானாக விடுபட்டது. "கால எடும்மா" என்றார். எடுத்தேன்.

முந்தானையைத் தூக்கிப் பார்த்தேன். நடுவில் பெரிய ஸ்டிக்கர் பொட்டு அளவுக்கு, வட்டமாக, சுத்தமாக, ஒரு ஓட்டை. அதன் வழியாக டாக்டர் வேதவல்லியின் முகம் தெரிந்தது.

ஏதாவது சொல்லியாக வேண்டும். இருபத்து நாலு வருடப் பிடிவாதம் என் வாயைத் திறந்தது.

"பாருங்க டாக்டர். கருகல."

"ஆமாம்மா. கருகலை" என்றார் அவர், மிகவும் அன்பாக. "ஆளே இல்லை."

பிறகு ஹாலில் எழுந்த சிரிப்பு, கீழே மருந்துக்கடை வரை கேட்டதாகச் சொன்னார்கள்.

மிஷினை எப்படி மூட்டை கட்டினேன் என்பது ஞாபகமில்லை. வாண்டின் நுனி உருகிப்போயிருந்தது. படிக்கட்டில் மேனேஜரின் போன். "டெமோ எப்டி போச்சு?" "யாரும் மறக்க மாட்டாங்க சார்" என்றேன். சத்தியமான வார்த்தை.

வெளியே வந்ததும்தான் உண்மையான பயம் பிடித்தது. வேலை போனால் வேறு தேடலாம். அக்கா ஒருத்திதான். ஞாயிற்றுக்கிழமை மாமாவின் தங்கைக்கு வளைகாப்பு. அந்தப் புடவையைத்தான் கட்டப் போவதாக அக்கா சொல்லியிருந்தாள். சனிக்கிழமை எடுத்துப் போக வருவாள். எனக்கு ஒன்றரை நாள் இருந்தது. காஞ்சிபுரத்தில் நின்றுகொண்டு ஒரு பட்டுப் புடவையைச் சரி செய்ய முடியாதா என்ன? செய்து காட்டுவேன் என்று கிளம்பினேன்.

விசாரித்துக்கொண்டு போய், வீட்டிலேயே தறி வைத்திருந்த நெசவுக்காரர் ஒருவரிடம் முந்தானையை நீட்டினேன். அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"இன்னாமா பண்ணே இத?"

"கொஞ்சம் கிழிஞ்சிடுச்சிண்ணே."

"கிழிஞ்சா நூல் இருக்கும்மா. இழுத்து சேத்துடலாம். பூச்சி அரிச்சா ஓரத்துல இழை தொங்கும். இதுல நூலே இல்லியே. எங்க போச்சி?"

எங்கே போயிற்று என்று எனக்கு மட்டும் தெரியும். உறிஞ்சும் பாட்டிலில், கோழியோடு கோழியாகக் கலந்து கிடந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை.

அதே நிறத்து நூல் தேடி, இழை இழையாகக் கோத்துச் சரி செய்யலாம், ஆனால் இரண்டு வாரம் ஆகும் என்றார். நாளைக்கு வேண்டும் என்றேன். அவர் முந்தானையை என் கையில் கொடுத்துவிட்டு, "அப்ப போட்டோ புட்ச்சி வெச்சிக்கோ" என்றார்.

வெள்ளிக்கிழமை முழுக்க அம்மா வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு முயன்றேன். உள்பக்கம் அரக்கு நிறத் துணியை ஒட்டிப் பார்த்தேன். ஓட்டைக்குக் கதவு வைத்த மாதிரி இருந்தது. மேலே கல் வைத்த ஒரு பூவைக் குத்திப் பார்த்தேன். கட்சி மாநாட்டு பேட்ஜ் மாதிரி இருந்தது. கடைசியில், ஓட்டை உள்மடிப்பில் போகிற மாதிரி மடித்து, இஸ்திரி போட்டு, பீரோவில் வைத்தேன். மூன்று முறை எடுத்துப் பார்த்தேன். தெரியவில்லை. ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் அக்கா வேலை முடிந்து நேராக வந்தாள், இனியாவையும் கூட்டிக்கொண்டு. இனியா வந்ததும் கட்டிலில் விழுந்து தூங்கிவிட்டாள், குறட்டை ஆரம்பித்தது. அக்கா பீரோவைத் திறந்தாள். புடவையைத் தூக்கினாள். விரிக்கக்கூட இல்லை.

"கலை. யாரு மடிச்சது இத?"

"நான்தான்க்கா. ஏன்?"

"நான் மடிச்ச மடிப்பு இல்லியே."

விரித்தாள். முந்தானை வந்தது. ஓட்டை வந்தது.

"இது இன்னாடி?"

"எலியா இருக்கும்க்கா."

"எலி இவ்ளோ ரவுண்டா கடிக்குமா? காம்பஸ் எடுத்துக்கினு வந்துச்சா?"

ஐந்து நிமிடம் தாக்குப்பிடித்தேன் என்று சொல்ல ஆசை. ஐந்து நொடிகூட இல்லை. மனதுக்குள் அனுமதி கேட்டதிலிருந்து மிஷினோடு சுற்றியது வரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சொல்லச் சொல்ல எனக்கே அழுகை வந்தது. நடுவில் அம்மா, "அப்ப நீ அக்காவ கேக்கவே இல்லியா?" என்று கேட்டு, என் குற்றப்பட்டியலில் இன்னொன்றைச் சேர்த்தாள்.

அக்கா கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தினாள். "என் கல்யாணப் பொடவடி!" என்று அவள் சொன்ன விதம் இன்னும் எனக்கு வலிக்கும். அப்புறம் கைப்பையைத் திறந்து, தொழிற்சாலைப் பூதக்கண்ணாடியை எடுத்தாள். ஜன்னலோரம் போய், முந்தானையை வெயிலில் பிடித்து, ஓட்டையின் ஓரத்தை அங்குலம் அங்குலமாகப் பார்க்க ஆரம்பித்தாள்.

"ஓரம் கருகலியே" என்றாள்.

"அதான்க்கா நான்..."

"நீ சும்மா இரு." மறுபடி பார்த்தாள். "ஜரிகை மட்டும் ஒரு எடத்துல உருகி முத்து மாதிரி நிக்குது. நூல்ல ஒண்ணுமே இல்ல. எங்க லைன்ல சூடு பட்டுச்சின்னா சுத்திலும் பழுப்பா நிக்கும். இதுல நிக்கல." மோந்து பார்த்தாள். "வாடயும் இல்ல."

கட்டிலிலிருந்து இனியாவின் மூச்சு ஒரு கணம் நின்று, திணறி, மறுபடி கிளம்பியது. அக்கா அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கண்ணாடியை இறக்கினாள்.

"இவ்ளோ சுத்தமா இல்லாம ஆக்குதே. இவ தொண்டைல வெச்சா, வேற எதையாவது இப்டி இல்லாம ஆக்கிடாதா?"

விற்பனைக்காரியின் பதில் என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. ஐந்து மாதமாகச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த பதில். ஆனால் அன்றைக்கு அந்த ஓட்டை எதிரில் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"ஆக்கும்க்கா" என்றேன். "எங்க வெக்கிறாங்களோ அத இல்லாம ஆக்கும். அதனாலதான் டாக்டர் உள்ள கேமரா விட்டுப் பாத்துக்கினே செய்வாங்க. பொடவைல வெச்சது நானு. இவளுக்கு வெக்கப்போறது அவங்க. அவங்களுக்கு எங்க நிறுத்தணும்னு தெரியும்."

"ரத்தம்?"

"கம்மின்னு சொல்றாங்க. வரவே வராதுன்னு நான் சொல்ல மாட்டேன்."

"வலி?"

"இருக்கும். ஒரு வாரம் கஷ்டப்படுவா."

அக்கா புடவையை மடித்தாள், தன்னுடைய மடிப்பில். "இவ்ளோ நாளா சுடாது சுடாதுன்னு கிளிப்பிள்ள மாதிரி சொன்னியே, இப்பதான்டி இன்ஜினியர் மாதிரி பேசுற. திங்கக்கெழம டாக்டர பாக்கலாம்." எழுந்தவள் திரும்பி, "பொடவைக்கு உன்ன அப்பறமா கவனிச்சிக்கிறேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வளைகாப்புக்கு அதே புடவையைத்தான் கட்டினாள். ஓட்டையை மறைப்பாள் என்று நினைத்தேன். அவளோ வந்தவர்கள் எல்லோரிடமும் முந்தானையை விரித்து, "என் தங்கச்சி மிஷின் வெச்சி போட்டது" என்று காட்டினாள். பந்தி முடிவதற்குள் மண்டபத்தில் எனக்குத் தெரியாதவர்கள்கூட என்னைத் தெரிந்துவைத்திருந்தார்கள். அதுதான் அவள் சொன்ன கவனிப்பு.

இனியாவுக்கு ஆபரேஷன் அதற்கடுத்த வாரம். டாக்டர் வேதவல்லி பரிசோதனைக்காக எங்கள் மிஷினை இரண்டு வாரம் வரவழைத்திருந்தார், புது வாண்டோடு. விதிப்படி நான் தியேட்டருக்குள் மிஷின் பக்கத்தில் நிற்க வேண்டும். பச்சை உடை மாட்டிக்கொண்டு நின்றேன். மிஷினின் அளவைக் கூட்டப் போன நான் குறைக்கும் பொத்தானை அழுத்தியதை டாக்டர் பார்த்துவிட்டார்.

"கலையரசி, நீ வெளியில போய் உட்காரு."

"இல்ல டாக்டர், நான் நிப்பேன்."

"தெரியும், நிப்பே. ஆனா இன்னிக்கு நீ சித்தி. உன் அக்கா தனியா உட்கார்ந்திருக்கா. மிஷினை சிஸ்டர் பார்த்துப்பாங்க."

கிரேஸ் சிஸ்டர் ஏற்கெனவே பெடலைச் சரியான இடத்தில் நகர்த்திக்கொண்டிருந்தார். "போம்மா. உன் கால் இங்க வேணாம்" என்றார். என் வாழ்க்கையில் சொன்னதை நிரூபிக்காமல் திரும்பி நடந்தது அதுதான் முதல் தடவை. வெளியே அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் கையில் பூதக்கண்ணாடி இருந்தது. ஏன் எடுத்து வந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

அரை மணி நேரத்தில் கதவு திறந்தது. நல்லபடியாக முடிந்தது. இனியா கண் விழித்ததும் சொன்ன முதல் வார்த்தை பிரியாணி. (ஒரு வாரம் ரசஞ்சாதம்தான் கிடைத்தது. அதற்கு அவள் என்னை இன்னும் மன்னிக்கவில்லை.) வலி இருந்தது, இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் மத்தியானம் அவள் தூங்கும்போது அக்கா எனக்குப் போன் செய்தாள். குரல் பதறியது. "சத்தமே வரலடி! மூக்குக்கிட்ட விரல் வெச்சிப் பாத்தேன். மூச்சு விடுறா. வாய மூடிக்கினு தூங்குறா, கலை." அப்புறம் போனில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அக்கா அழுவது எப்படி இருக்கும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

வேலை உடனே நிரந்தரம் ஆகிவிடவில்லை. மூன்று மாதம் தள்ளிப் போட்டார்கள். டாக்டர் வேதவல்லி மிஷினை வாங்கினார். நாலைந்து ஆபரேஷன் செய்து பார்த்துவிட்டுத்தான் வாங்கினார், என் பேச்சைக் கேட்டு இல்லை. கம்பெனியின் பயிற்சிக் கையேட்டில் புதிதாக ஒரு வரி சேர்ந்தது: உடுத்தியிருக்கும் ஆடையின் மீது செய்து காட்டக் கூடாது. புதிதாகச் சேருகிறவர்கள் அதைப் படித்துவிட்டு, இப்படியெல்லாம் யார் செய்வார்கள் என்று சிரிப்பார்கள். இப்போது பயிற்சி கொடுப்பவள் என்ற முறையில் நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன்.

எங்கள் வீட்டில் அந்த ஓட்டை ஒரு பேச்சுவழக்காகவே ஆகிவிட்டது. யாராவது எதையாவது அடித்துச் சொன்னால், "முந்தானைல வெச்சிக் காட்டு" என்பார்கள். மாமா இந்த மாதம் சிகரெட்டை விட்டுவிடுவேன் என்றாலும் அதுதான், அம்மா மழை வராது என்றாலும் அதுதான். என் கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் போனபோது, அக்கா கடைக்காரரிடம் சிரிக்காமல் முகத்தை வைத்துக்கொண்டு, "இவளுக்கு ரெண்டு முந்தானை வெச்ச மாதிரி ஏதாவது இருக்குதாண்ணே?" என்று கேட்டாள்.

போன வாரம் இனியாவின் வகுப்பில், உங்கள் குடும்பத்தில் ஒருவர் செய்யும் வேலையைப் பற்றி ஐந்து வரி எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அவள் என்னைத் தேர்ந்தெடுத்தாள். அக்கா நோட்டைப் படம் எடுத்து அனுப்பினாள். முதல் வரி: "என் சித்தி பட்டுப் புடவையில் ஓட்டை போடும் வேலை பார்க்கிறார்."

பக்கத்தில் டீச்சர் சிவப்பு மையில் சரி என்று குறி போட்டிருக்கிறார்.